அவள் காட்டிய இடம்

அவள் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

கனூப் படகு இன்னும் கொஞ்ச தூரம் தானாகவே போனது. பிறகு நின்றது.

முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் துடுப்பு வலிப்பதை நிறுத்திவிட்டார்.

அவர் அவளுடைய மாமனார். சேந்தனின் அப்பா.

சேந்தன் இந்த ஏரியில்தான் இருக்கிறான். போன கோடையிலிருந்து.

காற்றே இல்லை. நாலு பக்கமும் ஒரே மாதிரிக் கரை. சாம்பல் நிறப் பாறை, அதற்கு மேலே கரும்பச்சையாய் ஊசியிலை மரங்கள், அதற்கு மேலே வானம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான்.

காலையிலிருந்து அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏதாவது ஒன்று தெரிந்ததாக இருக்காதா என்று.

போன கோடையில் அன்றைக்குக் காற்று திடீரென்று எழுந்தது. கனூ புரண்டது. அவள் அதன் அடிப்புறத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சேந்தன் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தான். வெயில் என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்திருந்தான். அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

பிறகு ஓர் அலை.

பிறகு அவன் இல்லை.

காற்று அவளையும் கனூவையும் எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போனதோ, தெரியாது. கரையில் கூடாரம் போட்டிருந்தவர்கள் தூக்கியபோது அவளுக்குத் தன் பெயர்கூட வாயில் வரவில்லை. பொலிஸ் வந்தது. தண்ணீருக்குள் இறங்கித் தேடச் சுழியோடிகள் வந்தார்கள். எந்த இடம் என்று கேட்டார்கள்.

அவள் கையை நீட்டினாள். கை ஏரி முழுவதையும் காட்டியது.

இவ்வளவு ஆழமும் குளிரும் உள்ள தண்ணீர் உடலை மேலே விடாது என்று அவர்களில் ஒருவர் தணிந்த குரலில் சொன்னார்.

மாமா ஒரு வருடமாக எதுவும் கேட்கவில்லை. போன மாதம்தான் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்த இடத்தை எனக்கு ஒருக்காக் காட்டுவியே, பிள்ளை?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் குரலுக்கு அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

வாழ்க்கையில் படகு வலித்தறியாத மனிதர். முழங்கால் நோவோடு, காட்டுப் பாதையில் கனூவின் ஒரு முனையைத் தோளில் சுமந்து அவளோடு வந்தார். கறுத்த சின்ன ஈக்கள் அவருடைய பிடரியைக் கடித்து இரத்தம் வழிந்தது. இரண்டு கையும் கனூவில் இருந்ததால் அவர் அவற்றை விரட்டவில்லை.

ஏரிக்குள் இறங்கிய பிறகு அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகுதான். பிறகு அந்தக் காதுகள். பின்னாலிருந்து பார்க்க அவை சேந்தனின் காதுகள்.

நடுவில் இரண்டு கனூக்கள் அவர்களைக் கடந்து போயின. உள்ளே பிள்ளைகள், ஒரு நாய். அருமையான நாள் என்று யாரோ ஆங்கிலத்தில் கூவினார்கள். மாமா கையை உயர்த்திக் காட்டினார்.

இன்னும் எவ்வளவு தூரம் என்று அவர் ஒருதரமும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஒவ்வொரு வளைவிலும் மூடிக்கொண்டாள்.

அவருடைய உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வலித்தார். கைக்குட்டை சிவந்துகொண்டு வந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் அவள் துடுப்பை மேலே எடுத்தாள்.

"இதிலதான், மாமா."

அவர் தலையை ஆட்டினார்.

கைக்குட்டையை அவிழ்த்தார். சட்டைக் கையை மடிக்காமலே முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டார். விரல்களை விரித்து வைத்திருந்தார்.

"கோடையிலயும் இப்பிடிக் குளிருதே."

பிறகு குனிந்தார். கனூ சரிந்தது. அவள் மறுபக்கம் சாய்ந்து, இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்தாள். அவருடைய முகம் தண்ணீரைத் தொட்டுவிடும் போலிருந்தது.

அவர் பேசத் தொடங்கினார். அவளோடு அல்ல.

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பேசுகிறவர்கள் மாதிரி, ஒன்றொன்றாக. தங்கச்சிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. உன்ர நெற்றிதான் அப்பு. வீட்டுக் கூரை மாற்றியாயிற்று. உன்ர அறையில ஒண்டும் தொடேல்ல. அதற்குப் பிறகு குரல் இறங்கிவிட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

இந்த ஏரியில் எங்கேயோ சேந்தன் இருந்தான். அந்த முனைக்கு அப்பால் இருக்கலாம். காலையில் கடந்து வந்த தீவுக்குப் பக்கத்திலும் இருக்கலாம்.

அங்கே அவனோடு ஒருவரும் பேசவில்லை.

மாமா நிமிர்ந்தார். ஒடுங்கிய கனூவுக்குள் மெல்ல மெல்ல உடம்பைத் திருப்பி, அன்றைக்கு முதல் தடவையாக அவளுடைய முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் நெற்றி இளகியிருந்தது. ஒரு வருடமாக அவள் அந்த முகத்தை அப்படிக் கண்டதில்லை.

"இடத்தை வடிவாப் பாத்து வைச்சுக்கொள், பிள்ளை. எங்க கிடக்கிறான், எங்க கிடக்கிறானெண்டு மாமி என்னைக் கேக்காத நாளில்லை. வாற கோடைக்கு அவவையும் கூட்டிக்கொண்டு வருவம்."

"ஓம் மாமா."

அவர் திரும்பித் துடுப்பைத் தேடினார்.

அவள் கரையைப் பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு பாறைகள். அவற்றுக்கு இடப்பக்கம் நுனி முறிந்த மரம். மரத்தின் அடியில், பறவைகள் எச்சமிட்டு வெளுத்த ஒரு திட்டு.

கண்ணை மூடினாள். பாறை, மரம், திட்டு.

திறந்து சரிபார்த்தாள். மறுபடி மூடினாள்.