பூட்டு நட்டின் காவல்

காரின் முன்சக்கரத்தில் மூன்று சாதா நட்டுகளோடு ஒரு பூட்டு நட்டும் இருந்தது. தனிச் சாவி இல்லாமல் அதைக் கழற்ற முடியாது. எட்டு வருடமாகச் சக்கரத்தைக் காவல் காத்து அது அலுத்துப் போயிருந்தது.

ஒருநாள் கொட்டும் மழையில் டயர் பஞ்சரானது. சாவியைக் காணோம்.

"அண்ணே, நாங்க கழண்டுட்டோம். நீங்களும் விடுங்களேன், கார்க்காரர் நனையறாரு," என்றது பக்கத்து நட்டு.

"விடணும்னுதான் இருக்கு தம்பி. விடத் தெரியலையே."

மெக்கானிக் வந்து சுத்தியலால் அடித்து, தலையைச் சிதைத்துத்தான் அதைக் கழற்றினார்.

"இனி சாதா நட்டே போதும்ப்பா," என்றார் கார்க்காரர்.

புதிதாக வந்த நட்டு பயந்துபோய்க் கேட்டது: "அண்ணே, திருடன் வந்தா நான் என்ன செய்யறது?"

"தெரியலைப்பா," என்றது பூட்டு நட்டு. "என்கிட்ட மாட்டினது கார்க்காரர் ஒருத்தர்தான்."