வாத்து விசாரிக்க வந்தது

எல்லாக் குளங்களுக்கும் பொதுவான சங்கத்திலிருந்து ஒரு வாத்து விசாரிக்க வந்தது. தாய்த் தவளை, தன் பிள்ளைகளில் நாலைத் தண்ணீர்ப் பாம்பு தின்றுவிட்டதைச் சொல்ல மூன்று நாளாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தது. ஆனால் குளத்துக்குப் பெரியவரான பாம்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டுமாம். சங்கத்தின் விதி அப்படி.

"பயப்படாம சொல்லுங்கம்மா, என்ன குறை?" என்றது வாத்து.

"சொல்லு தங்கச்சி, எனக்குத்தான் காதே கிடையாதே" என்று பாம்பு சிரித்தது.

மிச்சமிருந்த மூன்று பிள்ளைகளும் தவளையின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

"ஐயா எத்தனை நாள் இங்கே தங்குவீங்க?"

"வெயில் தாழ்ந்ததும் கிளம்பிடுவேம்மா. இன்னும் நாலு குளம் பார்க்கணும்."

தவளை பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தது.

"குறை ஒண்ணும் இல்லீங்க ஐயா. அண்ணன் எங்களை நல்லாப் பார்த்துக்கிறார்."