வண்டியை நிறுத்தியவள்

“டிரைவர் அண்ணே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்களேன்.”

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே மூச்சில் “ச்சே!” என்றார்கள்.

நிறுத்தச் சொன்னவள் மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த பெண். ஆறு நாள் மலைச் சுற்றுலாவில் மணிக்கு ஒரு தடவை இதே பல்லவி. மதில் சூழ்ந்த பழைய ஊருக்குப் போகும்போது நான்கு தடவை. வெந்நீர் ஊற்றுக்கு ஏறும்போது ஐந்து. ‘பிரேக்கம்மா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

“இந்த வயசுலயே இப்படின்னா...” என்று ஜவுளிக்கடைக்காரர் ஆரம்பிப்பார்.

“டாக்டர்கிட்ட காட்டிட்டுல்ல டூர் வரணும்!” என்று முடித்துவைப்பார் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர்.

இத்தனைக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. ஒரு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அதை வெளியே சொல்ல அவருக்கு வாய் வராது. மற்றவர்கள் கால் நீட்டிக்கொள்ள என்று சாவகாசமாக இறங்குவார்கள். இவர் முதல் ஆளாகக் குதித்து, கடைசி ஆளாக ஏறுவார். ஏறியதும் கடிகாரத்தைப் பார்த்து, “பன்னிரண்டு நிமிஷம் லேட்!” என்று அவள் காதில் விழும்படி அறிவிப்பார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் விடுமா?

மறுநாள் காலை. சுற்றுலாவின் கடைசி நாள். ஊற்றிலிருந்து கீழே இறங்கி, சூரியன் மறைவதற்குள் கடற்கரைக்குப் போய்விட வேண்டும்.

“நேத்து இவளால லேட்டாகித்தான், நாம போறதுக்குள்ள மியூசியத்தை மூடிட்டாங்க. இன்னிக்குக் கடலும் போச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்,” என்று ஜவுளிக்கடைக்காரர் கொதித்தார். “சார், நீங்க போய்ப் பேசுங்க. உங்க பேச்சுக்குத்தான் ஒரு மரியாதை.”

மரியாதை என்றதும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நேராகக் கைடிடம் போனார். “கடல் வர்ற வரைக்கும் வண்டி எங்கயும் நிக்கக் கூடாது. இது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு.”

கைடு மைக்கில் அறிவித்தார்.

“சரிங்க,” என்றாள் அவள். கோபப்படவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரைத்தான் ஒரு தடவை கவலையோடு பார்த்தாள்.

கிளம்புவதற்கு முன், ஊற்றுத் தண்ணீர் உடம்புக்கு நல்லது, இலவசம் வேறு என்று அவர் மூன்று டம்ளர் குடித்திருந்தார்.

ஒரு மணி நேரம் ஓடியது. கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு வளைவிலும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. நிறுத்தச் சொல்லலாம். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? இத்தனை பேர் முன்னால், இந்த சீட்டிலேயே மானம் போய்விடும் போலிருந்தது. நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

“டிரைவர் அண்ணே, மன்னிச்சுக்கங்க. என்னால முடியல. நிறுத்துங்க!”

அவள்தான்.

அவள் காலிலேயே விழலாம் போலிருந்தது அவருக்கு. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “சொன்னா கேக்கறதே இல்லை!” என்று எல்லாரோடும் சேர்ந்து கத்தியது.

ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது.

“ஒருத்திக்காக நாம ஏன் இறங்கணும்? எல்லாரும் உக்காருங்க!” என்றார் ஜவுளிக்கடைக்காரர். ஒருவரும் அசையவில்லை.

“எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு நான் போய்ப் பாத்துட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஓடினார்.

திரும்பி வரும்போதுதான் கவனித்தார். பெண்கள் கழிப்பறைக் கதவில் பெரிய பூட்டு. அவள் டயருக்குக் காற்றடிக்கிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“பூட்டியிருக்கேம்மா! சாவி கேட்டு வாங்கித் தரட்டுமா?”

“வேணாம் சார். நான் போகணும்னு இல்லை.”

“பின்ன எதுக்கு நிறுத்தச் சொன்னே?”

அவள் தயங்கினாள். “முதல் நாள் சுரங்கப்பாதை டிராபிக்ல ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டோமே, அப்ப உங்க முகத்தைப் பாத்தேன் சார். எங்கப்பாவும் இப்படித்தான். பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருப்பாரே தவிர, வாயைத் திறந்து கேக்க மாட்டார்.”

“ஆறு நாளா எல்லாரும் உன்னைத் திட்டினாங்களேம்மா. நானும்ல சேர்ந்து...”

“நாளைக்கு அவங்க யாரோ, நான் யாரோ. திட்டினா தேஞ்சா போயிடுவேன்?” என்று சிரித்தாள். “நீங்க எதுவும் சொல்லிக்க வேணாம் சார். வாங்க, வெளிச்சம் இருக்கும்போதே கடலைப் பாத்துடலாம்.”

சொந்த மகளிடம் பிடிபட்ட மாதிரி வெட்கமாக இருந்தது அவருக்கு. கூடவே, என்னவென்று தெரியாத ஒரு நிம்மதியும் இருந்தது.

வண்டியில் ஏறியதுமே ஜவுளிக்கடைக்காரர் குரல் கொடுத்தார். “எத்தனை நிமிஷம் லேட் சார்?”

ஸ்டேஷன் மாஸ்டர் கைடிடமிருந்து மைக்கை வாங்கினார்.

“எல்லாரும் கேளுங்க. ஆறு நாளா வண்டி நின்னது இந்தப் பொண்ணுக்காக இல்லை, எனக்காக. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காது. சொல்ல வெக்கப்பட்டேன். எனக்குப் பதிலா இந்தப் பொண்ணு திட்டு வாங்கிக்கிச்சு. இனிமே நிறுத்தணும்னா நானே கேப்பேன்.”

டிரைவர் கியரில் கை வைத்தார்.

“ஒரு நிமிஷம், கிளம்பிடாதீங்க.” ஜவுளிக்கடைக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்தார். “நானும் போயிட்டு வந்துடறேன்.”

அவர் படியிறங்குவதற்குள், பின்னால் வரிசையே நின்றுவிட்டது.