ஊர் விலை

நாட்டுக்கு நாடு விலையை ஒப்பிட்டு, எந்த ஊரில் எவ்வளவு இருந்தால் ஒருவர் ஏழை இல்லை என்று கணக்குப் போடுவதுதான் அமெரிக்காவில் சிவசங்கருக்கு வேலை. ஊர் விலை தெரிய வேண்டுமென்றால் தியாகதுருகத்தில் இருக்கும் அக்கா ஜெயசுதாவைத்தான் கேட்பான். இன்று அவளே கூப்பிட்டாள்.

“நானே கூப்பிடணும்னு இருந்தேன்க்கா. அங்க டீ இப்ப இன்னா விலை?”

“பன்னெண்டு ரூபா. சங்கரு, நான் சொல்றத...”

“இங்க முந்நூறு ஆவுதுக்கா! சரி, சலூன்ல ஷேவிங்?”

“முந்நூறு.”

“இன்னாக்கா இவ்ளோ ஜாஸ்தி? போன தடவ அம்பதுன்னு சொன்ன?”

“அப்பாவுக்கு வூட்டுக்கே வந்து பண்ணாங்கடா.”

“ஏன்? கடைக்கு நடந்து போவச் சொல்லு. ஒடம்புக்கும் நல்லது. பூ எவ்ளோ?”

“மொழம் நாப்பது. இன்னிக்கு மாலையாத்தான் வாங்கனோம். உன்ன ஒரு தடவ வந்துட்டுப் போவச் சொல்லிக்கினே இருந்தாருடா.”

“மறுபடியும் அதையே சொல்றியே! நான் வந்துபோற டிக்கெட் காசுல அவரு அங்க ஒரு வருஷம் ராஜா மாதிரி சாப்பிடலாம். கணக்குப் போட்டுத்தான் வராம இருக்கேன். இப்ப அவருக்கு எவ்ளோ வேணும்? சொல்லு, அனுப்பிடறேன்.”

“ஒரு ரூபாதான்டா. நாங்களே நெத்தியில வெச்சுட்டோம்.”