யானை ஆள் தேவை

பினாங்கின் ஜார்ஜ்டவுனில், சோற்றின் மேல் விதவிதமான குழம்புகளை ஊற்றித் தரும் ஹாஜரா அக்காவின் நாசி கண்டார் கடைக்கு வேலை கேட்டு வந்த கமால், உண்மையில் வேலை தேடி வரவில்லை. திருட வந்திருந்தான்.

தங்கமும் இல்லை, கல்லாப்பெட்டியும் இல்லை. அவன் திருட வந்தது அந்தக் கடையின் மீன்தலைக் கறி மசாலாவின் ரகசியத்தை. அது ஹாஜரா அக்காவுக்கும் அவர் மகள் ஃபராவுக்கும் மட்டுமே தெரியும். சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருவரும் மசாலா கலப்பார்கள். பழைய சமையற்காரருக்குக்கூட அந்த அறைக்குள் நுழைய அனுமதி கிடையாது.

கமாலை அனுப்பியவர் தாசேக் கெலுகோரில் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன். அவரிடம்தான் கமால் இத்தனை வருஷமாகத் தட்டு தூக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த மசாலாவ மட்டும் கொண்டாந்துரு தம்பி. பாயான் லெப்பாஸ்ல தொறக்கப்போற கடைக்கு நீதான் மேனேஜர்" என்று அவர் சொன்னதும் கமாலுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டு தூக்கியே காலம் போய்விடுமோ என்ற பயம் அவனை ரொம்ப நாளாகவே அரித்துக்கொண்டிருந்தது. இந்த வாய்ப்பை விட்டால் வேறு வழி இல்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஃபரா கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்ததிலிருந்து, குணப் பரிசோதனை வைக்காமல் யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை. ஒருவனை எது ஆட்டிவைக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், அவன் நாளைக்கு என்ன செய்வான் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம் என்பாள். அவள் கணக்கில் மனிதர்கள் நாலே வகைதான். அதிகாரம் செய்யத் துடிப்பவன் புலி. வம்பே வேண்டாமென்று ஒதுங்குகிறவன் ஆமை. சொந்த ஆதாயத்துக்காக யாரையும் ஏமாற்றுகிற தந்திரக்காரன் சருகுமான். நம்பியவருக்காக உயிரையும் கொடுப்பவன் யானை. 'இது கடையா, மிருகக்காட்சிசாலையா?' என்று கேலி செய்த வாடிக்கையாளரை அங்கேயே புலி வகையில் சேர்த்துவிட்டாள்.

கமால் அசல் சருகுமான். அது அவனுக்கே தெரியும். அதனால் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நின்று யானையாகப் பழகிக்கொண்டு வந்திருந்தான்.

ஃபரா எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"பக்கத்துக் கடையில டபுள் சம்பளம் தர்றோம்னு கூப்பிட்டா போவீங்களா அண்ணே?"

"சம்பளத்துக்காக முதலாளிய மாத்தறதா? என்னால முடியாது லா" என்றான் கமால். அவனுக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"கூட வேலை செய்யிறவரு கோழித் துண்ட ஒளிச்சு வச்சுத் திங்கிறாரு. என்ன செய்வீங்க?"

"பசியான்னு கேப்பேன். அப்புறம் அவரையே முதலாளிகிட்ட கூட்டிட்டுப் போயி உண்மையச் சொல்ல வைப்பேன்."

ஃபராவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக அவள் கேட்டதற்குத்தான் கமால் தயாராக வந்திருக்கவில்லை.

"நாசி கண்டார் சாப்பிடறப்ப குழம்பு எப்படி ஊத்திக்குவீங்க?"

இருக்கிற குழம்பையெல்லாம் கலந்து, சோறு மூழ்க மூழ்க ஊற்றச் சொல்வதற்குப் பினாங்கில் 'பாஞ்சிர்' என்று பெயர். மலாயில் வெள்ளம் என்று அர்த்தம். கமாலுக்கு அது இல்லாமல் ஒரு வாய் இறங்காது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டென்று விழுங்கினான். எல்லாக் குழம்புக்கும் ஆசைப்படுகிறவனை யானை என்று யார் நம்புவார்கள்?

"ஒரே குழம்புதான். மீன் குழம்புன்னா மீன் குழம்பு மட்டும். சின்ன வயசுலேருந்து மாத்துனதே இல்ல."

ஃபரா துள்ளி எழுந்தாள். "உம்மா! யானை கெடச்சிருச்சு!"

ஹாஜரா அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து கமாலை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவா?"

"பினாங்குல பொறந்து ஒரே குழம்பு ஊத்திக்கிறவரு உம்மா! இதுவரைக்கும் ஒருத்தர்கூட இப்படிச் சொன்னதில்ல."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அல்லாவே அனுப்பி வச்சிருக்கான். உங்கள மாதிரி ஆளத்தான் எவ்வளவு நாளா தேடுறோம். உள்ள வாங்க தம்பி."

சமையற்கட்டைத் தாண்டி அவனை அழைத்துப் போனார். அந்த அறையின் கதவு திறந்தது. முதல் நாளே! வறுத்த சீரகத்தின் வாசனை மூக்கில் ஏறியது. பாயான் லெப்பாஸ் கடையின் கல்லாவில் தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது போல் கமால் கண்முன் தெரிந்தது.

ஃபரா கதவைத் தாழிட்டாள்.

"வெளிய மூச்சு விடக் கூடாது தம்பி" என்றார் ஹாஜரா அக்கா. "நம்ம மசாலா இப்பல்லாம் எடுபடல. வாடிக்கையெல்லாம் வேற கடைக்குப் போகுது. இப்படியே போனா நாங்க கடைய மூட வேண்டியதுதான். அந்தக் கடை மசாலாவக் கொண்டாரலாம்னு பாத்தா, சருகுமான் ஆள அனுப்புனா அவன் அங்கேயே வெல போயிருவான். அதான் ஒரு யானைக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம்."

கமால் அவசரமாகக் கேட்டான். "என்னைய எங்க அனுப்பப் போறீங்க அக்கா?"

ஹாஜரா அக்கா அவன் காதருகே குனிந்தார்.

"தாசேக் கெலுகோர்ல ஷேக் அலாவுதீன்னு ஒருத்தரு கடை வச்சிருக்காரு, நாளைக்கே அங்க போயி தட்டு தூக்குற வேலைக்குச் சேந்துருங்க."