மணியடிக்கும் போட்டி

பூவார் கடற்கரையில் அந்த வீட்டு வரிசையிலேயே ததேயூஸ் வீட்டில் மட்டும்தான் டி.வி. உண்டு. பாட்டு பிடிக்காவிட்டால் மணியடித்து ஆளை மேடையிலிருந்து இறக்கிவிடும் கோமாளிப் போட்டி ஒன்று ஞாயிறுதோறும் வரும். போன மாதம் அதில் போய்ப் பாடிவிட்டு வந்தவன் ததேயூஸ். இன்றைக்கு அதைக் காட்டப் போகிறார்கள்.

“உங்களுக்கும் மணி அடிச்சாவளா?” என்று அவன் மனைவி லில்லிக்குட்டி மறுபடியும் கேட்டாள்.

“அடிச்சாவ.”

“வரி மறந்து போச்சா?”

“மறக்கல்ல. பாதியில நிறுத்தினேன்.”

“மறக்காம பின்ன ஏன் நிறுத்துனிய? ஊரே நம்மள வச்சுச் சிரிக்குமே. டி.விய அணைச்சிரட்டா?”

அதற்குள் ததேயூஸோடு கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிற பத்துப் பேரும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“அண்ணனுக்க கல்யாணத்துக்குக்கூட இந்தக் கூட்டம் இல்லியாக்கும்” என்றான் அவர்களில் ஒருவனான ஜெய்சன்.

பாவம், லில்லிக்குட்டி டி.வி. சுவிட்சுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள்.

திரையில் ததேயூஸ் வலை இழுக்கும் பாட்டின் முதல் வரியைப் பாடினான். பாடிவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்து நின்றான். நடுவரின் கை மணியை நோக்கிப் போனது.

தரையில் இருந்த பத்துப் பேரும் யோசிக்கவே இல்லை. தினமும் கடற்கரையில் அவன் ஒரு வரி விட்டதும் எடுக்கிற மறுவரியை, ஒரே குரலில் எடுத்தார்கள்.

அந்தச் சத்தத்தில் மணியடித்தது லில்லிக்குட்டிக்குக்கூடக் கேட்கவில்லை.