வெர்னா தைத்த மணல்பை

"சே! அஞ்சு குண்டும் எங்கேதான் போச்சு?"

லைல் தொலைநோக்கியை மேசையில் தட்டி வைத்தார். தூரத்தில் அவருடைய குறி அட்டை ஓர் ஓட்டைகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று நின்றது. நாளை மான்டானாவில் மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டி. துப்பாக்கியை எதன்மேல் தாங்க வைத்துச் சுடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. மரக்கட்டை துள்ளுகிறது, இரண்டு கால் ஸ்டாண்ட் சரிகிறது என்று போன வாரமே இரண்டையும் ஒதுக்கிவிட்டார். மிச்சம், மனைவி வெர்னா பழைய ஜீன்ஸில் தைத்துக் கொடுத்த மணல்பை; இன்று அதன்மேல் வைத்துத்தான் சுட்டார்.

"உன் தையல் லட்சணம்! பை நெளியுது."

"முதல்ல உங்க காலாட்டறத நிறுத்துங்க," என்றாள் வெர்னா, காபியை ஊற்றியபடி.

லைல் பக்கத்து மேசை ஆர்விலின் அட்டையைப் பார்த்தார். வயிறு எரிந்தது. நடுப்புள்ளியில் ஐந்து ஓட்டைகள். ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம்.

"ஆர்வில், உன் இரும்புத் தாங்கிய எனக்குக் குடுய்யா. இந்தப் பைய நீ வச்சுக்க."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"எனக்கு ஒரே பேச்சுதான்யா!"

மாற்றிக்கொண்டார்கள். லைல் இரும்புத் தாங்கியில் துப்பாக்கியை வைத்துச் சுட்டார். அவருடைய அட்டை அப்படியே இருந்தது. ஆர்விலின் அட்டையில் ஆறாவதாக ஓர் ஓட்டை, ஓரமாக விழுந்திருந்தது.

"நீ எப்பய்யா சுட்ட?"

"நான் இன்னும் தோட்டாவே போடல." ஆர்வில் மணல்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "வந்ததிலேருந்து என் அட்டையத்தான் நீ சுட்டுக்கிட்டிருக்க. இந்தப் பை எவ்வளவு நல்லா நிக்குதுன்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்!"